சிஸ்டரிடம் கேளுங்கள்: ஐரோப்பியத் திட்டங்களும் நம் மலைப் பிள்ளைகளும்

சென்ற இதழில், ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் பல நாட்டு ஆஸ்பத்திரிகளும் கல்லூரிகளும் சேர்ந்து செய்யும் ஆராய்ச்சிகளைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். மருத்துவத்திலும் தொழிற்கல்வியிலும் இவை நிறைய நடக்கின்றன. அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. குன்னூர், கூடலூர், மஞ்சூர் என்று மலை முழுவதிலிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

அன்புள்ள சிஸ்டர், நான் குன்னூர் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். மகள் ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ) கடைசி வருஷம் படிக்கிறாள். ஒரு ஏஜென்சிக்காரர், "ஐரோப்பிய யூனியன் புராஜெக்ட்டில் சீட் இருக்கிறது, மூன்று லட்சம் கட்டினால் ஜெர்மனியில் வேலை நிச்சயம்" என்கிறார். கட்டலாமா?
— ஒரு தகப்பன், குன்னூர்

கட்டாதீர்கள் ஐயா. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன். இதே கடிதத்தை வேறு சிலரும் எழுதியிருக்கிறார்கள்.

ஐரோப்பிய ஆராய்ச்சித் திட்டத்தில் விற்பதற்குச் சீட்டே கிடையாது. இப்போது நடப்பது 'ஹொரைசன் யூரோப்' என்ற ஆராய்ச்சித் திட்டம். 2021 முதல் 2027 வரை, சுமார் 9,550 கோடி யூரோ. பொதுவாக, குறைந்தது மூன்று வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த மூன்று நிறுவனங்கள் கூட்டாக விண்ணப்பித்தால்தான் பணம் கிடைக்கும். பல்கலைக்கழகம், ஆஸ்பத்திரி, பயிற்சிப் பள்ளி என்று யாரும் அதில் இருக்கலாம். அவர்கள் செய்வது ஒரு கேள்விக்கு விடை தேடுவதும் எழுதி வெளியிடுவதும்தான். வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது அவர்கள் தொழில் அல்ல.

இதை நீங்களே சரிபார்க்கலாம். 'கார்டிஸ்' என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுப் பதிவேடு இணையத்தில் இருக்கிறது, பார்க்கக் காசு வேண்டாம். திட்டத்தின் பெயரைப் போட்டால் யார் ஒருங்கிணைப்பாளர், எந்தெந்த நாட்டில் யார் கூட்டாளி, எவ்வளவு பணம், எந்தத் தேதியில் தொடங்கி எப்போது முடிகிறது, எல்லாம் வந்துவிடும். தொழிற்பயிற்சி, மாணவர் பரிமாற்றம் சார்ந்தவை 'எராஸ்மஸ் பிளஸ்' திட்டத்தின் கீழ் வரும். அதற்கும் தனிப் பதிவேடு உண்டு. ஏஜென்சிக்காரரிடம் திட்டத்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். மகளையே தேடச் சொல்லுங்கள். பெயர் இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். பெயர் இருந்தாலும் அதற்கும் மூன்று லட்சத்துக்கும் சம்பந்தம் இல்லை.

சரி, மகள் ஜெர்மனி போக நேர்வழி உண்டா? உண்டு. முதலில் மொழி. நர்ஸாக அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2 அளவு ஜெர்மன் (ஏ1 முதல் சி2 வரையுள்ள ஆறு படிகளில் நான்காவது) கேட்கிறார்கள். ஒழுங்காக உட்கார்ந்து படித்தாலும் ஒரு வருஷம் ஓடிவிடும். அடுத்து, அங்குள்ள மாநில அதிகாரிகள் நம் பாடத்திட்டத்தையும் வார்டு பயிற்சியையும் தங்களுடையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். குறை இருந்தால் ஒரு தேர்வு எழுத வேண்டும், அல்லது இணைப்புப் பயிற்சி முடிக்க வேண்டும். அதுவரை உதவியாளர் நிலையில்தான் வேலை. இதை ஏஜென்சிக்காரர் சொல்லியிருக்க மாட்டார்.

தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை முதலில் விசாரியுங்கள். தனியார் முகவரிடம் போவதானால், மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாய்தான் உச்சவரம்பு, ஜிஎஸ்டி தனி. ஜெர்மன் அரசும் நேர்மையான ஆள்சேர்ப்புக்கு என்று ஒரு தர முத்திரை தருகிறது. அதை வாங்கிய நிறுவனம் ஆள்சேர்ப்புச் செலவை நர்ஸின் தலையில் கட்டக் கூடாது. செலவு வேலை தருபவருடையது. நகையை அடகு வைக்கும் முன் இதையெல்லாம் பார்த்துவிடுங்கள் ஐயா.

சிஸ்டர், நான் பிளஸ் டூ முடித்துவிட்டேன். ஜெர்மனியில் சம்பளத்தோடு நர்சிங் படிக்கலாம் என்று நண்பன் சொல்கிறான். நிஜமா?
— ஒரு மாணவர், கோத்தகிரி

நிஜம்தான் தம்பி. அங்கே நர்சிங் பெரும்பாலும் தொழிற்பயிற்சியாகவே நடக்கிறது. மூன்று வருஷம், 2,100 மணி நேரம் வகுப்பு, 2,500 மணி நேரம் ஆஸ்பத்திரியிலும் முதியோர் இல்லத்திலும் வேலை. மொத்தம் 4,600. பொது நர்ஸ் படிப்புக்கு ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகள் எல்லாவற்றுக்கும் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவும் அதே 4,600 மணி நேரம். அதனால்தான் போர்ச்சுகலில் படித்த நர்ஸ் பின்லாந்தில் வேலை பார்க்க முடிகிறது.

2020 ஜனவரி 1க்கு முன் ஜெர்மனியில் பெரியவர்களுக்கான நர்ஸ், குழந்தைகள் நர்ஸ், முதியோர் பராமரிப்பாளர் என்று மூன்று தனிப் படிப்புகள் இருந்தன. புதுச் சட்டம் மூன்றையும் ஒன்றாக்கிவிட்டது. படிப்புக்குக் கட்டணம் இல்லை. அரசு ஆஸ்பத்திரிகளில் முதல் வருஷமே மாதம் 1,300 யூரோவுக்கு மேல் பயிற்சி ஊதியம். அதில் காப்பீடு, வரி, வாடகை எல்லாம் போகும். கையில் நிற்பது கொஞ்சம்தான். வீட்டுக்கு அனுப்பலாம் என்ற கணக்கோடு போகாதே. முதியவர்களைக் குளிப்பாட்டுவதும் உடை மாற்றுவதும் முதல் நாளிலிருந்தே உன் வேலையாக இருக்கும். அதில் மனம் ஒட்டுமா என்று உன்னையே கேட்டுக்கொள். ஒட்டுமென்றால் ஏ1 வகுப்பில் சேர். நமக்குப் பக்கம் கோயம்புத்தூர்.

மேடம், நான் ஊட்டியில் நர்சிங் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். ஐரோப்பாவில் பத்து நாடுகள் கூடித் தொழிற்கல்வியைப் பற்றி அப்படி என்ன ஆராய்ச்சி செய்கிறார்கள்? எங்களைப் போன்ற சின்னக் கல்லூரி அதில் சேர முடியுமா?
— ஓர் ஆசிரியை, உதகமண்டலம்

நான் காத்திருந்த கேள்வி இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அவர்களுடைய பிரச்சினை இதுதான். ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு படிப்பு, ஒவ்வொரு சான்றிதழ். அதை வைத்துக்கொண்டு அடுத்த நாட்டு ஆஸ்பத்திரி இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று எப்படிக் கண்டுபிடிக்கும்? தொழிற்கல்வியை ஆராய்வதற்கென்றே 1975இல் 'செடஃபோப்' என்ற மையத்தை பெர்லினில் தொடங்கினார்கள். 1995இல் அது கிரேக்க நாட்டின் தெசலோனிகிக்கு மாறியது. 2002இல் கோபன்ஹேகனில் கூடி, தொழிற்கல்வியில் ஒருவரை ஒருவர் நம்புவதற்கான வழிகளை உண்டாக்குவது என்று முடிவெடுத்தார்கள். 2008இல், பல நாட்டுப் படிப்புகளையும் சான்றிதழ்களையும் ஒப்பிட்டுப் பார்க்க, எட்டுப் படிநிலைகள் கொண்ட தகுதிச் சட்டகம் வந்தது. நம் நாட்டிலும் 2013இல் தேசியத் திறன் தகுதிச் சட்டகம் பத்துப் படிகளோடு வந்து, 2023இல் எட்டாகச் சுருங்கியது.

இந்தச் சட்டகங்களின் உயிர் ஒரே இடத்தில் இருக்கிறது. எத்தனை வருஷம் படித்தார் என்பதை விட்டுவிட்டு, படித்து முடித்தவர் என்ன செய்வார் என்பதை எழுதுவது. கேட்கச் சுலபமாக இருக்கும். எழுதிப் பாருங்கள், தெரியும்.

'ஆக்சிமீட்டர் பயன்படுத்தத் தெரியும்' என்று நம் பதிவேட்டில் ஒரு வரி இருக்கிறது, டிக் போட்டுவிடுகிறோம். ஊட்டி வார்டில் ஜனவரி விடியற்காலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டி விறைத்த கையோடு வந்து உட்காருகிறார். கருவியை விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் 84 சதவீதம் என்று காட்டுகிறது. தெரியாத பிள்ளை ஆக்சிஜன் சிலிண்டரைத் தேடி ஓடும். தெரிந்த பிள்ளை முதலில் பாட்டியின் உதட்டையும் மூச்சையும் பார்க்கும். திரையில் அலை சீராக எழும்புகிறதா என்று கவனிக்கும். விரலில் மருதாணி இருக்கிறதா என்று பார்க்கும். பாட்டியின் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துத் தேய்த்துச் சூடாக்கி, வேறு விரலில் மாட்டும். 95 வரும். இந்த உயரத்தில், சமவெளியைவிட ஒன்றிரண்டு குறைவாக இருப்பது வழக்கம் என்பதும் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். இன்னொரு பாட்டிக்குக் கை சூடான பிறகும் 84 என்றே காட்டினால், அப்போது ஒரு நொடி தாமதிக்காமல் டாக்டரைக் கூப்பிடும்.

இத்தனையையும் ஒரு வரியில், யார் படித்தாலும் ஒரே பொருள் வரும்படி எழுத வேண்டும். அப்புறம் அதைச் சோதிக்க ஒரு முறை வேண்டும். ஸ்பெயினில் ஒரு வார்டு சிஸ்டரும் போலந்தில் ஒரு வார்டு சிஸ்டரும் ஒரே மாணவியைப் பார்த்து ஒரே மதிப்பெண் போட வேண்டும். பல நாடுகள் கூட்டுச் சேர்வது இதற்காகத்தான். ஒரு நாட்டுக்காரர்கள் மட்டும் உட்கார்ந்து எழுதினால், அவர்களுக்குப் பழகிப்போன விஷயங்கள் எழுதாமலே விட்டுப்போகும். பக்கத்து நாட்டுக்காரர் 'இது என்ன?' என்று கேட்கும்போதுதான் அவை காகிதத்துக்கு வரும்.

சேர முடியுமா என்றால், முடியும். பணம் மட்டும் தானாக வராது. ஹொரைசன் யூரோப் விதிப்படி, இந்திய நிறுவனம் கூட்டாளியாகச் சேரலாம். ஆனால் சில சிறப்பு அறிவிப்புகள் தவிர, செலவை நாமோ நம் அரசுத் துறையோ பார்த்துக்கொள்ள வேண்டும். தனி ஆளாகப் போக நல்ல வழி, எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலைப் படிப்புகள். பட்டம் பெற்றவர்கள் விண்ணப்பிக்கலாம். உதவித்தொகை கிடைத்தால் கட்டணம் இல்லை. மாதம் 1,400 யூரோ தருகிறார்கள். குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்க வேண்டும். உங்கள் பிஎஸ்சி மாணவிகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். இதற்கு ஏஜென்சி எதுவும் தேவையில்லை.

அதற்கும் முன்னால் ஒரு காரியம் செய்யலாம். ஊட்டி, கூடலூர், கோத்தகிரி என்று மூன்று ஊர்களின் ஆசிரியைகள் ஒரு சனிக்கிழமை கூடி, ஒரே ஒரு திறமையை எடுத்துக்கொண்டு, ஆக்சிமீட்டரோ பாம்புக்கடிக்கு முதலுதவியோ, எழுதிப் பாருங்கள். ஊருக்கு ஊர் எவ்வளவு வித்தியாசமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

சிஸ்டர், நான் ஆதிவாசி கிராமங்களில் சுகாதாரப் பணி செய்கிறேன். ஐரோப்பியர்களின் ஆராய்ச்சியால் எங்களுக்கு என்ன பயன்?
— ஒரு வாசகி, கூடலூர்

நியாயமான கேள்வி அம்மா. இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, 2009இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைப்பில் 12 ஐரோப்பிய நாடுகள் நர்ஸ்களைப் பற்றி நடத்திய 'ஆர்என்ஃபோர்காஸ்ட்' ஆய்வு. 2014இல் லான்செட் மருத்துவ இதழில் அதன் முடிவு வந்தது. ஒன்பது நாடுகள், 300 ஆஸ்பத்திரிகள், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைசிகிச்சை நோயாளிகள். ஒரு நர்ஸ் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால், நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. பட்டம் படித்த நர்ஸ்களின் பங்கு 10 சதவீதம் கூடினால், அந்த வாய்ப்பு 7 சதவீதம் குறைந்தது. கணக்கு ஐரோப்பிய ஆஸ்பத்திரிகளுடையது. ஆனாலும் நைட் டூட்டியில் வார்டு முழுவதையும் தனியாகப் பார்க்கும் எந்த நர்ஸுக்கும் இந்த எண் பேச உதவும். "ஆள் பற்றவில்லை" என்று சொன்னால் குறை சொல்வதாக எடுத்துக்கொள்கிறார்கள். இந்த 7ஐக் காட்டிப் பேசினால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது, உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த அரிவாள் செல் சோகை, ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துபோகும் பரம்பரை நோய். இந்தியாவில் இந்த ரத்தக் கோளாறு முதலில் பதிவானதே நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். 1952இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். ஐரோப்பாவில் இது அரிய நோய். ஒரு ஊரில் ஒரு நோயாளி இருந்தால் அங்குள்ள டாக்டருக்கு அனுபவம் இருக்காது. அதனால் 2017இல் அரிய நோய்களுக்கென்று 24 வலையமைப்புகளைத் தொடங்கினார்கள். ரத்த நோய்களுக்கு 'யூரோபிளட்நெட்'. நோயாளி ஊரிலேயே இருக்க, அவருடைய ரிப்போர்ட்டைப் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து பார்த்து யோசனை சொல்கிறார்கள்.

நமக்கு நிலைமை நேர்மாறு. நோயாளிகள் இங்கே பக்கத்துப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார்கள். அனுபவமும் இங்கே இருக்கிறது. 1990இல் தொடங்கிய கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை, ஆதிவாசிப் பெண்களையே நர்ஸாகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்து நடத்திக் காட்டியிருக்கிறது. வலி வந்து துடிக்கும் பிள்ளைக்கு முதல் மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும், எதைப் பார்த்தால் உடனே ஜீப் பிடிக்க வேண்டும் என்று உங்களைப் போன்றவர்களுக்குத் தெரிந்ததை எழுதி வைத்தால், ஐரோப்பிய வலையமைப்புக்காரர்களும் படித்துத் தெரிந்துகொள்வார்கள். நீங்கள் எழுதத் தொடங்குங்கள். தமிழில் எழுதினால் போதும். எனக்கு அனுப்பினால் ஒழுங்குபடுத்த உதவுகிறேன்.

சிஸ்டர், ஜெர்மனிக்கான விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்கிறார்கள். எனக்கு இனிஷியல் மட்டும்தான். என்ன எழுதுவது?
— ஒரு ஸ்டாஃப் நர்ஸ், குன்னூர்

அப்பா பெயரைத்தான் பெரும்பாலும் குடும்பப் பெயராக எழுதுகிறோம். முக்கியம் என்னவென்றால், பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே எல்லா இடத்திலும் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், நர்சிங் கவுன்சில் பதிவில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால், அங்குள்ள அலுவலருக்கு இவை மூன்று பேருடைய காகிதங்களாகத் தெரியும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். பிறகு எல்லாப் பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரியிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, மொழிபெயர்ப்புக்குக் கொடுக்கும் காகிதங்களோடு சேர்த்துவிடுங்கள். ஜெர்மன் வகுப்பில் சேரும் அதே வாரத்தில் இதையும் ஆரம்பித்துவிடுங்கள். மொழி முடியும்போது காகிதமும் கைக்கு வந்திருக்கும்.