ராணுவத்தில் இருந்துகொண்டே பொறியியல் பட்டமும் பதவி உயர்வும் பெற முடியுமா?

முடியும். ஆனால் எந்த வாசல் வழியாகச் சேர்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்கள் அதிகாரியாகச் சேர டெக்னிக்கல் என்ட்ரி ஸ்கீம் இருக்கிறது. பூனா, மாவ், செகந்திராபாத் ஆகிய ஊர்களில் உள்ள ராணுவப் பொறியியல் கல்லூரிகளில் படிப்பு. பட்டத்தைத் தருவது ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம். அதனால்தான் வெளியே வந்தாலும் அது செல்லும்.

சிப்பாயாக இருப்பவர்களுக்குப் பாதை வேறு. டேங்க் எஞ்சினைப் பிரித்து மாட்டும் மெக்கானிக்குக் கைத்திறன் அபாரமாக வளரும். நாயக், ஹவில்தார், நாயப் சுபேதார் என்று மேலே போக சர்வீஸ் மட்டும் போதாது. பதவி உயர்வுக்கான கேடர் பயிற்சியில் தேற வேண்டும், காலியிடமும் இருக்க வேண்டும். ஹவில்தாருக்குக் கீழே ஆட்கள் இருப்பார்கள். அவர்களை நடத்தத் தெரிகிறதா என்பதையும் பார்த்துத்தான் உயர்த்துகிறார்கள், அது நியாயம்தான்.

சரி, திறமை இருந்தும் சான்றிதழ் எதற்கு? பல வருடம் வண்டி ஓட்டியவரிடமும் லைசென்ஸ் கேட்பார்களே, அப்படித்தான். முன்பின் தெரியாத முதலாளிக்கு உங்கள் கையின் பழக்கம் தெரியாது, காகிதம்தான் தெரியும். ஆகவே சர்வீஸில் இருக்கும்போதே வெளியில் செல்லுபடியாகும் சான்றிதழை வாங்கிவிடுங்கள்.

பத்தாவது தேறி 15 ஆண்டு ராணுவப் பணி முடித்தவரைப் பட்டதாரிக்குச் சமமாகக் கருதுவது குரூப் சி அரசு வேலைகளுக்கான சலுகை மட்டுமே. பலர் நினைப்பதுபோல அது பொறியியல் பட்டம் ஆகாது.