ரம்மிக் கடனும் குடும்பமும்: மனநல மருத்துவர் பதில்கள்

சூதாட்டப் பழக்கம் பற்றி நம் உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்கு, போதை மீட்பு சிகிச்சை அளிக்கும் நம் மருத்துவ உறுப்பினர் தந்த பதில்கள்.

என் கணவர் ஆன்லைன் ரம்மியில் நான்கு லட்சம் விட்டார். போன வருடம் என் நகையை விற்று எல்லாக் கடனையும் அடைத்தோம். சத்தியம் செய்தார். இப்போது மறுபடியும் லோன் ஆப்காரர்கள் போன் செய்கிறார்கள். இந்த முறையும் அடைத்துவிடலாமா டாக்டர்? (திருப்பூர்)

மொத்தமாகப் பணத்தைப் புரட்டி அவர் கையில் கொடுக்காதீர்கள் அம்மா. கடன் தீர்ந்தால் புதுக் கடன் வாங்க வழி திறந்துவிடும், நோய் அப்படியே இருக்கும். முதலில் அவரோடு உட்கார்ந்து கடன் பட்டியல் எழுதுங்கள். முதல் நாள் சொல்லும் தொகையை நம்ப வேண்டாம். மச்சானிடம் வாங்கியது, ஆபீஸில் வாங்கியது எல்லாம் அப்புறம்தான் வெளியே வரும். அவர் சம்மதத்தோடு சம்பளக் கணக்கை உங்கள் பார்வைக்குக் கொண்டுவாருங்கள். யுபிஐ வரம்பைக் குறையுங்கள், கிரெடிட் கார்டை மூடுங்கள். கட்ட வேண்டியதைத் தவணையாக, கடன் கொடுத்தவரிடமே நீங்கள் நேராகக் கட்டுங்கள். ஆப்காரர்கள் மிரட்டினால் சைபர் கிரைமில் புகார் கொடுக்கலாம், எண் 1930.

பணத்தைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது. "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று அவரிடம் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கடன் வீட்டுக்குத் தெரியவரும் நாட்கள்தான் மிக ஆபத்தானவை. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்துங்கள், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். திட்டுவதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

ரம்மி திறமை விளையாட்டு என்று கோர்ட்டே சொல்லிவிட்டதே சார், அதை எப்படி நோய் என்கிறீர்கள்?

2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிச் சொன்னது உண்மை. தமிழக அரசின் தடைப் பட்டியலிலிருந்து ரம்மியும், போக்கர் என்ற சீட்டாட்டமும் அப்போது நீங்கின. ஆனால் அது சட்டக் கேள்விக்கான பதில். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நோய் வகைப்பாட்டில், மதுவும் போதைப்பொருளும் இருக்கும் அதே பிரிவில் சூதாட்டக் கோளாறும் இருக்கிறது. ஆன்லைனில் ஆடுவதற்குத் தனி உட்பிரிவே உண்டு.

என் அனுபவத்தில், திறமை என்ற நம்பிக்கை நோயை முற்றச் செய்கிறது. லாட்டரியில் தோற்றவன் அதிர்ஷ்டத்தை நொந்துகொள்வான். ரம்மியில் தோற்றவனோ "அந்த ஒரு சீட்டை இறக்காமல் இருந்திருந்தால்" என்று விடிய விடிய கணக்குப் போட்டு, விட்டதைப் பிடிக்க மறுபடி உட்காருவான். பலரைக் கவிழ்ப்பது இந்த விட்டதைப் பிடிக்கும் வெறிதான்.

முதல் வாரத்திலேயே 40,000 ஜெயித்தேன். எல்லாரும் தோற்பதில்லையே?

ஆரம்பத்தில் பெரிதாக ஜெயித்தவர்கள்தான் எங்களிடம் நிறைய வருகிறார்கள் தம்பி. இதுவரை போட்டது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்று பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்து எழுதுங்கள். மனக்கணக்கு வேண்டாம்.

அவனவன் காசு, அவனவன் இஷ்டம். இதில் பொது சுகாதாரம் எங்கே வருகிறது?

உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட குறிப்பைப் பாருங்கள். உலகின் வயதுவந்தோரில் 1.2 சதவீதம் பேருக்கு சூதாட்டக் கோளாறு இருக்கலாம் என்கிறது. ஆனால் மக்கள் இழக்கும் பணத்தில் சுமார் 60 சதவீதம், தமக்குக் கேடு வரும் அளவில் ஆடுகிறவர்களிடமிருந்து வருகிறது. அதாவது இந்தத் தொழிலின் வருமானம் பெருமளவு இப்படிப் பாதிக்கப்பட்டவர்களையே நம்பி இருக்கிறது. விளம்பரக் கடைசியில் மூச்சு விடாமல் ஒரு எச்சரிக்கை வாசிப்பார்களே, "உங்கள் சொந்தப் பொறுப்பில் விளையாடுங்கள்" என்று, எனக்கு எரிச்சலூட்டும் வரி அது. பழியை முன்கூட்டியே நோயாளி தலையில் கட்டும் வேலை.

ஆட்டத்தை மாற்றினால் பலன் தெரியும். நார்வே 2007இல், காசு போட்டுச் சூதாடும் ஸ்லாட் இயந்திரங்களை மொத்தமாக எடுத்தது. சூதாடுகிறவர்கள் எண்ணிக்கை குறைந்தது. பிரிட்டனில் பந்தயக் கடை இயந்திரங்களில் ஒரு ஆட்டத்துக்கு 100 பவுண்டு வரை போடலாம் என்று இருந்ததை 2019இல் 2 பவுண்டாக்கினார்கள். நடுராத்திரி முதல் காலை 5 மணி வரை பண ஆட்டம் கூடாது என்று தமிழகம் 2025இல் விதி போட்டதும் இதே வழிதான். தூக்கமில்லாத நேரத்தில்தான் நிதானம் போகும்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே ஆன்லைன் பண ஆட்டத்துக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்துவிட்டதே, பிரச்சினை முடிந்ததா?

பெரிய ஆப்கள் பண ஆட்டத்தை நிறுத்தின, நல்லது. ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை, நடத்துகிறவருக்கும் விளம்பரம் செய்கிறவருக்கும்தான். அது இன்னும் நல்லது, பயமில்லாமல் சிகிச்சைக்கு வரலாம். ஆனால் வெளிநாட்டுத் தளங்களுக்கு இழுக்கும் ஆட்கள் டெலிகிராமில் இருக்கிறார்கள். அங்கே வயது பார்ப்பதில்லை, வரம்பு இல்லை, ஜெயித்த பணம் வரும் என்ற உத்தரவாதமும் இல்லை. தடை வந்ததோடு நம் வேலை முடியாது, சிகிச்சைக்கும் கடன் ஆலோசனைக்கும் ஆள் வேண்டும்.

அப்பாவுக்கு 68 வயது. சீட்டைத் தொட்டதே இல்லை. நடுக்கத்துக்கு மாத்திரை ஆரம்பித்த சில மாதத்தில் பாலக்காடு போய்க் கட்டுக்கட்டாக லாட்டரி வாங்குகிறார். வயதானதால் இப்படியா? (பொள்ளாச்சி)

இந்தக் கேள்விக்கு நன்றி, பலர் இதை இணைத்துப் பார்ப்பதே இல்லை. நடுக்கம் வரும் பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள், மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலையைச் செய்பவை. சிலருக்கு இவற்றால் அடக்க முடியாத சூதாட்ட ஆசை வரும். சிலர் தேவையில்லாமல் பொருள்களாக வாங்கிக் குவிப்பார்கள். மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென நிறுத்துவது ஆபத்து. அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ பெரும்பாலானவர்களுக்கு ஆசை அடங்கிவிடும். அப்பாவைக் குற்றவாளி போல நடத்தாதீர்கள்.

இதற்கு மாத்திரை உண்டா? எங்கே போவது?

இதற்கென்றே தனி மாத்திரை கிடையாது. எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சு சிகிச்சைதான் முதன்மை. சிலருக்கு, குடிப் பழக்கத்துக்குத் தரும் நால்ட்ரெக்ஸோன் மாத்திரை உதவுகிறது. கூடவே மனச்சோர்வோ குடியோ இருந்தால் அதற்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மனஸ், 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், இலவசம், தமிழிலேயே பேசலாம்.