கார் மோதிய காயத்துக்கு எவ்வளவு வரும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சாலை விபத்துதான். எல்லாரும் கேட்பது ஒன்றே: "சார், எவ்வளவு வரும்?" ஒவ்வொருவருக்கும் கணக்கு வேறு. முதல் கடிதத்துக்கு மட்டும் நீளமாகவே பதில் எழுதுகிறேன். மற்றவர்களும் அதைப் படித்துவிடுங்கள்.

பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். தவில் வாசிக்கிறேன், வயது 42. தை மாதம் ஒரு கல்யாணக் கச்சேரி முடிந்து பைக்கில் திரும்பும்போது, எதிரே பஸ்ஸை முந்தி வந்த கார் இடித்து வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. பிளேட் வைத்திருக்கிறார்கள். டாக்டர் 20 சதவீத ஊனம் என்று எழுதிக் கொடுத்தார். ஒரு லட்சத்துக்கு முடித்துக்கொள்ளலாம் என்று இன்சூரன்ஸ் தரப்பில் சொல்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?

ஐயா, எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அந்த ஒரு லட்சம் எப்படி வந்தது தெரியுமா? ஊனத்தில் ஒரு சதவீதத்துக்கு இத்தனை ரூபாய் என்று போடும் வழக்கம் நம் கோர்ட்டுகளில் உண்டு. 5,000 வீதம் 20 சதவீதத்துக்கு ஒரு லட்சம். காயத்தால் பிழைப்பு கெடாதவருக்கு அது சரி. உங்களுக்குப் பிழைப்பே அந்தக் கைதான்.

ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. டாக்டர் எழுதும் ஊன சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறனில் ஏற்படும் இழப்பு வேறு. ஒரு டிரைவரோ தச்சரோ கையை இழந்தால் கிட்டத்தட்ட முழு வருமானமும் போகிறது. அதே கை போன அரசு குமாஸ்தாவுக்கு வேலை நீடிக்கலாம்.

இப்போது உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாத வருமானம் 18,000 என்று கோர்ட் ஏற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சொந்தத் தொழில் செய்பவருக்கு 40-லிருந்து 50 வயதுவரை, எதிர்கால உயர்வுக்காக 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது 2017-ல் வந்த பிரணய் சேத்தி தீர்ப்பு. காயமடைந்து உயிரோடு இருப்பவருக்கும் இந்த உயர்வு உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆக மாதம் 22,500, வருஷத்துக்கு 2,70,000. வருஷ வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்பதற்கு வயதுவாரியாக ஒரு பெருக்கல் எண் உண்டு, 41-45 வயதுக்கு அது 14. இது 2009-ல் வந்த சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணையில் இருக்கிறது. பெருக்கினால் 37,80,000. திறன் இழப்பு வெறும் 20 சதவீதம் என்றாலே 7,56,000 வருகிறது. 60 சதவீதம் என்று நிரூபித்தால் 22,68,000. மருத்துவச் செலவு, வலி வேதனை, சிகிச்சைக் காலத்தில் போன வருமானம், கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கான தொகை எல்லாம் இதற்கு மேல் தனி. வட்டியும் உண்டு.

அந்த 60-ஐ நிரூபிப்பதில்தான் வழக்கே இருக்கிறது. கடிதத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "விரலில் கூடு மாட்டி அரை மணி வாசித்தால் மணிக்கட்டு மரத்துப்போகிறது, தாளச் சொற்கள் தெளிவாக விழவில்லை." இந்த வரி ஊனச் சான்றிதழில் இருக்கிறதா? இருக்காது. 'மணிக்கட்டு அசைவு குறைவு' என்று மட்டும் இருக்கும். எனவே மெடிக்கல் போர்டுக்குப் போகும்போது அந்தக் கூடுகளையும் எடுத்துப் போங்கள். வலது கை என்ன வேலை செய்கிறது, மணிக்கட்டு எப்படி மடங்க வேண்டும் என்று டாக்டரிடம் காட்டுங்கள். அதைப் பார்த்தவர் கூண்டில் ஏறிச் சொல்லும் சாட்சியத்துக்கு எடை அதிகம்.

வருமானத்துக்கு உங்கள் தேதி டைரிதான் உயிர். முன்பணம் வாங்கிய குறிப்பு, பேர் போட்ட கல்யாணப் பத்திரிகை, கோயில் உற்சவ நோட்டீஸ், நல வாரிய அட்டை, பேங்க் பாஸ்புக் எல்லாம் சேருங்கள். கூட வாசித்த நாகஸ்வரக்காரர் சாட்சி சொல்ல வரட்டும். ஆடி, மார்கழியில் கல்யாணம் இல்லை என்று எதிர்த்தரப்பு குறைக்கப் பார்க்கும், அதனால் வருஷக் கணக்காகவே கொடுங்கள்.

இன்னொன்று, விபத்து தையில் நடந்திருக்கிறது. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் 1-லிருந்து சட்டம் சொல்கிறது. அந்தக் கெடுவை எதிர்த்தும் வழக்குகள் போயிருக்கின்றன, ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். ஆடி பிறப்பதற்குள் மனு உள்ளே போயிருக்க வேண்டும்.

மன்னார்குடி. அம்மாவுக்கு 52 வயது. நடவு, களையெடுப்புக்குப் போவார். ரோட்டோரம் நின்றவர் மேல் கார் மோதி இடுப்பு எலும்பு முறிந்தது. சம்பளச் சீட்டு ஏதும் இல்லாததால் குறைவாகத்தான் வரும் என்கிறார்கள்.

சீட்டு இல்லை என்பதற்காக வருமானத்தை அடிமட்டத்துக்கு இறக்கக் கூடாது தம்பி. குறைந்தபட்சக் கூலி ஒரு வழிகாட்டிதான், அதுவே முடிவு இல்லை என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நூறு நாள் வேலை அட்டை, மகளிர் குழு பாஸ்புக் இரண்டையும் கொடுங்கள். நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவரும் நிலத்துக்காரரும் வந்து, நாள் கூலி என்ன, வருஷத்தில் எத்தனை நாள் வேலை என்று சொல்லட்டும். வீட்டு வேலைக்கும் மதிப்பு உண்டு என்று அதே வருஷம் இன்னொரு தீர்ப்பும் வந்தது. சமைத்து, மாடு பார்த்து, தண்ணீர் தூக்கியதையும் மனுவில் எழுதச் சொல்லுங்கள்.

அம்மா வயதுக்குப் பெருக்கல் எண் 11, உயர்வு 10 சதவீதம். ஒரு நாற்றுமுடியை நட்டு முடிக்க இடுப்பு எத்தனை தடவை மடிகிறது! சேற்றில் நின்று குனிய முடியாதவருக்கு நடவு வேலையே கிடையாது. 'குனிய இயலாது, சம்மணம் போட இயலாது' என்று டாக்டர் கைப்பட எழுதி வாங்குங்கள்.

ஐந்து லட்சம் கேட்டு மனு போட்டுவிட்டோம். இப்போது பார்த்தால் அதற்கு மேல் வரும்போல் தெரிகிறது.

கவலை வேண்டாம். கேட்டதற்கு மேல் கொடுக்க, விபத்து வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. உச்ச நீதிமன்றத்தில் நாகப்பா வழக்கில் 2002-லேயே இது முடிவானது. இருந்தாலும் மனுவைத் திருத்திவிடுவது நல்லது. மக்கள் நீதிமன்றத்தில் சமாதானம் பேசினால் ஜாக்கிரதை, அங்கே ஒப்புக்கொண்ட தொகைமீது அப்பீல் போக முடியாது.

திருத்துறைப்பூண்டியிலிருந்து பதினெட்டுப் பேர் லோடு வேனில் நடவுக்குப் போனோம். வேன் கவிழ்ந்துவிட்டது. யாரிடம் கேட்பது?

இந்தக் கடிதத்தைப் படித்து மனசு கனத்துவிட்டது. சரக்கு வண்டியில் ஆட்களாக ஏறினவர்களுக்கு அந்த வண்டியின் இன்சூரன்ஸ் பொறுப்பேற்காது. நாற்றுக்கட்டோடு அதன் சொந்தக்காரர் போயிருந்தால் அவருக்கு உண்டு, கூலிக்குப் போனவர்களுக்கு இல்லை. வேன் உரிமையாளர்மீது கேட்கலாம், ஆனால் அவரிடம் என்ன இருக்கும்? சில வழக்குகளில், முதலில் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று கோர்ட் உத்தரவிட்டிருக்கிறது. அதைக் கேட்டுப் பாருங்கள். வேறு வண்டி இடித்துக் கவிழ்ந்ததா என்பதை எஃப்.ஐ.ஆரில் பாருங்கள். அப்படியானால் அந்த வண்டியின் இன்சூரன்ஸ் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். வக்கீல் கட்டணத்துக்குப் பயப்படாதீர்கள், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வக்கீல் இலவசம்.

ஹெல்மெட் போடவில்லை, லைசென்சும் இல்லை. நஷ்ட ஈடு கிடைக்காதா?

கிடைக்கும். லைசென்ஸ் இல்லாதது மட்டுமே விபத்துக்குக் காரணமாகாது. தலைக்காயம் என்றால் ஹெல்மெட்டுக்காக ஒரு பங்கு பிடிக்கலாம். காலில் அடிபட்டதற்கு அதைக் காரணம் காட்டினால் எதிர்த்துப் பேசச் சொல்லுங்கள்.

இடித்த கார் எதுவென்றே தெரியவில்லை.

உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் அரசுத் திட்டத்தில் உண்டு. கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். அதற்கு முன் அந்த வழியில் இருக்கும் பெட்ரோல் பங்க், டோல்கேட் கேமராவைப் பார்க்கச் சொல்லிப் போலீசை விடாமல் கேளுங்கள். கார் நம்பர் கிடைத்தால் கணக்கே மாறிவிடும்.

விபத்து செங்கல்பட்டில். நான் நாகப்பட்டினம். அங்கே போய்த்தான் வழக்குப் போட வேண்டுமா?

வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே போடலாம். எஃப்.ஐ.ஆர். நகலும் டிஸ்சார்ஜ் சம்மரியும் வாங்க மட்டும் ஒரு தடவை போய்வாருங்கள். போகிற வாடகைக் கார் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், அதையும் செலவில் சேர்த்துக் கேட்கலாம்.