ஒன்பது வீட்டுக் காம்பவுண்டு – கடிதம்

வணக்கம் சார்,

மதுரையில் ஆசிரியையாக இருந்து இந்த வருடம் ஓய்வு பெற்றேன். அரப்பாளையம் பக்கம் ஒரு பழைய காம்பவுண்டு விலைக்கு வந்திருக்கிறது. ஐந்து சென்ட், ஒன்பது வீடு. அண்ணன் தம்பி மூன்று பேர் விற்கிறார்கள், 95 லட்சம் சொல்கிறார்கள். வீட்டுக்கு ஐயாயிரம் வீதம் மாதம் 45,000 வரும் என்கிறார் புரோக்கர். மூன்று வீடு ஒத்தியில் இருப்பதாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். மரக்கட்டைமேல் செங்கல் அடுக்கிக் கூரை போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் கட்டடம், பல இடங்களில் ஒழுகுகிறது. ஒன்பது குடும்பத்துக்கும் இரண்டே கக்கூஸ். "வாங்கின பிறகு எல்லாரையும் காலி பண்ணிக்கலாம், யார்கிட்டயும் அக்ரிமெண்ட் கிடையாது" என்கிறார். ஓய்வுப் பணம் மொத்தமும் இதில் போய்விடும். அடுத்த வாரம் அட்வான்ஸ் கேட்கிறார்கள். வாங்கலாமா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

இந்த விலைக்கு வேண்டாம்.

முதலில் ஒத்தி, அதாவது மாத வாடகைக்குப் பதில் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டுக் குடியிருப்பது. அந்த மூன்று வீட்டிலிருந்து உங்களுக்கு வாடகை வராது, அவர்கள் காலி செய்யும்போது மொத்தப் பணத்தையும் எண்ணிக் கொடுக்க வேண்டும். ஆக மாத வரவு 30,000தான். வீட்டுக்கு நான்கு லட்சம் என்று வைத்தாலே 12 லட்சம் கடன் சேர்ந்து வருகிறது. ஒத்தியை ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக்கொள்வதோடு பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள், பதிவு செய்வதில்லை. அதனால் முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தாலும் அது தெரியாது. பிறகு "எனக்குத் தெரியாமல் போச்சு" என்று சொல்லவும் முடியாது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, ஒருவர் ஓர் இடத்தில் குடியிருந்தால், அங்கே அவருக்குள்ள உரிமை வாங்குபவருக்குத் தெரியும் என்றே கொள்ளப்படும்.

அதனால் புரோக்கர் இல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் ஒன்பது வீட்டிலும் பேசுங்கள். யாரிடம் எவ்வளவு கொடுத்தார்கள், கையில் என்ன சீட்டு இருக்கிறது என்று கேளுங்கள். வாடகைக்காரர்கள் கொடுத்த அட்வான்ஸையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அந்தத் தொகை முழுவதும் விலையில் கழிய வேண்டும், கிரயப் பத்திரத்திலும் ஏற வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பத்திரச் செலவே எட்டரை லட்சத்தைத் தாண்டும். ஒரு கோடிக்கு மேல் போட்டு வருடத்துக்கு 3,60,000 வாடகை. மூன்றரை சதவீதம்கூட இல்லை. வீட்டு வரி, ஆளில்லாத மாதங்கள், மராமத்து எல்லாம் அதற்குள்தான். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம், 2023 ஏப்ரலில் அதன் வட்டி 8.2 சதவீதம் ஆனது. அந்த விகிதத்தில் 30 லட்சத்துக்கே வருடம் 2,46,000 வருகிறது.

மராமத்து என்றால் வெள்ளையடிப்பது இல்லை. மெட்ராஸ் டெரஸில் கூரையைத் தாங்கும் மரக்கட்டைகள் சுவருக்குள் போகிற முனையில்தான் முதலில் உளுத்துப்போகும், ஆனால் கீழே நின்று பார்த்தால் கட்டை நன்றாக இருப்பது போலவே தோன்றும். பழைய கட்டடம் தெரிந்த ஒரு கொத்தனாரையும் தச்சரையும் கூட்டிப்போய் முனைகளைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் ஐப்பசி மழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். இந்தச் செலவுக்கு உங்களிடம் தனியாகப் பணம் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

காலி செய்யும் பேச்சு எனக்குப் பிடிக்கவே இல்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்தான். ஆனால் ஒப்பந்தம் இல்லை என்பதற்காக யாரையும் நினைத்த நாளில் வெளியே அனுப்ப முடியாது. வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தி விரட்டுவதைச் சட்டமே தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள். பல வருடமாக இரண்டு கக்கூஸுக்கு வரிசையில் நின்றும் வாடகை கொடுத்து வந்த குடும்பங்கள் அவை. அவர்களை விரட்டினால்தான் லாபம் என்றால் அந்த லாபம் நமக்கு வேண்டாம்.

இன்னொன்று, அந்த மூவருக்கும் அக்கா தங்கை உண்டா? இது அப்பா சொத்தாக இருந்து அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகள்களுக்கும் சம பங்கு உண்டு. வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள், அதிலுள்ள எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை இருந்தால் விலை இறங்கட்டும். ஒத்தியும் அட்வான்ஸும் கழிந்து, மராமத்துக்கான பணம் உங்கள் கையிலேயே மிஞ்சுகிற விலைக்கு வந்தால் வாங்குங்கள். வாங்கினால் முதல் வேலையாக இன்னும் இரண்டு கக்கூஸ் கட்டுங்கள், வாடகை ஏற்றுவதை அப்புறம் பார்க்கலாம். அடுத்த வாரம் மட்டும் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வேறு ஆள் வாங்கிவிடுவார் என்று புரோக்கர் சொன்னால், வாங்கிக்கொள்ளட்டும்.