வெளுத்ததெல்லாம் பேல்!

கேள்வி: சிறு ஆலைகளில் காய்ச்சும் கிராஃப்ட் பீர்களில் ஒன்றான பேல் ஏலை எப்படிச் சுவைத்துப் பார்ப்பது? 'பேல்' என்றால் வெளிறியது என்கிறது அகராதி. கிளாஸில் ஊற்றினால் செம்பு நிறம்! ஏமாற்றுகிறார்களா? கசப்பு நாக்கின் பின்பக்கம்தான் தெரியும் என்பார்களே, மடமடவென்று தொண்டைக்குள் இறக்கிவிட்டால் கசப்பிலிருந்து தப்பிக்கலாமா?

பதில்: வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்கள் உண்டு. வெளுக்கவில்லையே என்று பீர்மேல் பிராது கொடுப்பவர் நீங்கள்தான்.

'வெளிறிய' என்பது பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்த சொல். ஒரு காலத்தில் முளைகட்டிய பார்லியை விறகுத் தீயில் உலர்த்தினார்கள். சூடு கட்டுக்குள் நிற்காது. மால்ட் என்கிற அந்த உலர்ந்த பார்லி பழுப்பேறும், புகைவாடை ஒட்டும், பீரும் கறுத்தே இறங்கும். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கற்கரியை, அதாவது நிலக்கரியைச் சுட்டுப் புகை நீக்கிய கோக்கைப் போட்டு உலர்த்த ஆரம்பித்தார்கள். புகை போயிற்று, சூடு கைக்கு அடங்கிற்று, மால்ட்டின் நிறம் தெளிந்தது. கறுப்பண்ணன்களுக்கு நடுவே செம்பு நிறத் தம்பி 'வெளிறி'த் தெரிந்தான். தங்க நிறத்து பில்ஸ்னர் பீர் பிறந்தது 1842-இல். அதற்குள் தம்பிக்குப் பெயர் நிலைத்துவிட்டது. ஆக, ஏமாற்று இல்லை. அண்ணன்கள் படத்திலிருந்து நகர்ந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அடுத்து அந்த நாக்கு வரைபடம். நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, பின்னால் கசப்பு என்று நாக்கை மாவட்டம் மாவட்டமாகப் பிரித்த படத்தை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை கிழித்துப் போட்டாலும் யாராவது ஒட்டி எடுத்து வந்துவிடுகிறீர்கள். 1901-இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் கண்டது, இடத்துக்கு இடம் உணர்திறனில் சிறு ஏற்ற இறக்கம் மட்டுமே. 1942-இல் எட்வின் போரிங் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் புத்தகத்தில் அதை வரைந்த விதத்தில் அந்தச் சிறு ஏற்ற இறக்கம் எல்லைக்கோடாகிவிட்டது. சோதனை வேண்டுமா? நாக்கு நுனியை மட்டும் அந்த ஏலில் நனையுங்கள். கசக்கும்.

உங்கள் தப்பிக்கும் திட்டமோ தலைகீழ். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ ஹாப்ஸ். அதன் கசப்பு விழுங்கிய பிறகும் ஏறிக்கொண்டே போகும். மடமடவென்று இறக்கினால் போவது மணம், மிஞ்சுவது கசப்பு. காசு கொடுத்தது மணத்துக்கு!

சரி, சுவைக்கும் முறை. முதலில் பாட்டிலில் அடைத்த தேதியைப் பாருங்கள். ஹாப்ஸ் மணம்தான் முதலில் சாகும். குளிரில் வைத்திருந்தாலும் மூன்று மாதம் தாண்டியதை வைத்து அந்த ஏலுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து, பதினைந்து நிமிஷம் வெளியே வையுங்கள். 7 முதல் 10 டிகிரி செல்சியஸ் போதும். பல் கூசும் குளிரில் மணம் எழும்பாது, குறையும் தெரியாது. 'ஜில்லென்று குடியுங்கள்' என்று யாராவது வற்புறுத்தினால் எதை மறைக்கிறார்கள் என்று கேளுங்கள். கிளாஸையும் ஃபிரீசரில் வைக்காதீர்கள்.

கிளாஸில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நுரை நிற்காது. நனைத்துவிட்டு உள்ளே உப்பைத் தூவுங்கள். சுத்தமான இடத்தில் ஒட்டும், பிசுக்குள்ள இடத்தில் ஒட்டாது. சாய்த்துப் பிடித்து ஊற்றத் தொடங்கி, பாதியில் நிமிர்த்தி, இரண்டு விரற்கடை நுரை வரவிடுங்கள். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பீர் ஊற்ற வேண்டாம். மணம் தங்க இடம் வேண்டும்.

லேசாகச் சுழற்றி, உடனே மோந்து பாருங்கள். நீளமாக இழுக்காமல் குட்டிக் குட்டியாக இரண்டு மூன்று. மூக்கு மரத்துப்போனால் சொந்தச் சட்டைக் கையை மோந்தால் தெளியும். அமெரிக்கப் பாணி பேல் ஏலில் கிரேப்ஃப்ரூட் தோலும் பைன் பிசினும் வரும். 1972-இல் வெளியான கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் வகை போட்ட பாதை அது. ஆங்கிலப் பாணியில் மண், பூ, பிஸ்கட். ஒரு வாய் எடுத்து, நாக்கு முழுக்கப் படரவிட்டு, விழுங்கி, வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விடுங்கள். பாதி ருசி அந்த மூச்சில்தான். அப்புறம் அரை நிமிஷம் சும்மா இருங்கள். கசப்பு சுத்தமாக அறுந்து விழுகிறதா, தொண்டையில் பிராண்டிக்கொண்டே இருக்கிறதா? லேபிளில் உள்ள ஐபியூ எண் இதைச் சொல்லாது. அது ஒரு லிட்டரில் உள்ள கசப்புப் பொருளின் மில்லிகிராம் கணக்கு. மால்ட்டின் இனிப்பு தாங்கிப் பிடித்தால் 45 சாதுவாக இருக்கும், தாங்காவிட்டால் 30 கடிக்கும்.

ஈர அட்டைப்பெட்டி வாடை வந்தால் பழசு, உள்ளே காற்று பட்டிருக்கிறது. வெண்ணெய் வாடை வந்தால் நொதித்தல் முடியுமுன் அவசரப்பட்டிருக்கிறார்கள். வெயில் பட்டால் வருவதை 'ஸ்கங்க் நாற்றம்' என்கிறது புத்தகம். அமெரிக்காவில் திரியும் அந்த விலங்கை மோந்து பார்த்திராத நமக்கு இது எப்படி உதவும் என்று எழுதியவர்கள் யோசிக்கவில்லை. பொசுங்கிய ரப்பரையும் அழுகிய பூண்டையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சத்தில் உடைந்து உண்டாவது அது. பழுப்பு பாட்டில் பெருமளவு காக்கும். பச்சையும் வெள்ளையும் அழகுக்கு. ஜன்னலோர வெயிலில் கிளாஸை வைத்துவிட்டுப் போன் பேசப் போனீர்களானால், சில நிமிஷங்களில் ஸ்கங்க் வந்து உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்.