மீண்டும் கேட்பது அவிசுவாசமா?

அன்புள்ள ஐயா,

என் தம்பி பல வருடங்களாகக் குடிக்கு அடிமையாக இருக்கிறான். அவனுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். 'ஒருமுறை கேட்டால் கிடைத்துவிட்டது என்று நம்பி நன்றி சொல்ல வேண்டும். திரும்பத் திரும்பக் கேட்பது அவிசுவாசம்' என்று ஜெபக்கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அதிலிருந்து முழங்காலிடவே தயக்கமாக இருக்கிறது. என் விசுவாசம்தான் குறைவோ?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை. அப்படிச் சொன்னவர், சிலுவைக்கு முந்தின இரவில் இயேசு ஜெபித்த கெத்செமனே தோட்டத்தை மறந்துவிட்டார். அங்கே இயேசு மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார்.

தீரு, சீதோன் பக்கத்துக் கானானியப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். மகளுக்காக, 'எனக்கு இரங்கும்' என்று கூப்பிடுகிறாள். இயேசு ஒரு வார்த்தையும் பேசவில்லை. இவளை அனுப்பிவிடும் என்கிறார்கள் சீஷர்கள். பிறகு வந்த பதில் மௌனத்தைவிடக் கடினமானது: பிள்ளைகளின் (அதாவது இஸ்ரவேலரின்) அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடுவது நல்லதல்ல. இந்த வசனத்தை மென்மையாக்கிக் காட்டும் பிரசங்கங்களில் எனக்கு உடன்பாடில்லை; அது வலிக்கத்தான் செய்கிறது. அவளோ, மேஜையிலிருந்து விழும் துணிக்கைகளையாவது நாய்க்குட்டிகள் தின்னுமே என்று சொல்லி அங்கேயே நிற்கிறாள். 'உன் விசுவாசம் பெரிது' என்று இயேசு சொன்னது இவளிடம்தான். கிடைத்துவிட்டது என்று அவள் ஒரு கணமும் சொல்லிக்கொள்ளவில்லை. இரக்கம் இவரிடம் இருக்கிறது, வேறெங்கும் போகமாட்டேன் என்பதே அவளுடைய விசுவாசம்.

அதற்காக, கேட்டபடியே நடக்கும் என்று உங்களுக்கு வாக்களிக்க மாட்டேன். 'முள்' என்று தான் அழைத்த வேதனை நீங்க அப்போஸ்தலனாகிய பவுல் மூன்று முறை வேண்டினார்; முள் நீங்கவில்லை, கிருபை போதும் என்ற பதில்தான் வந்தது. பின்னாளில் திருச்சபையின் பெரும் போதகரான அகஸ்டினின் தாய் மோனிக்கா, மகன் ரோமுக்குக் கப்பலேறக் கூடாது என்று 383-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் துறைமுகத்தருகே ஓர் இரவு முழுவதும் அழுது ஜெபித்தார். மகனோ பொய் சொல்லிவிட்டு அந்த இரவிலேயே புறப்பட்டுப் போனார். ஆனால் அந்தப் பயணம்தான் அவரை மிலானில் ஆயர் அம்புரோஸிடம் கொண்டு சேர்த்தது. 387 ஈஸ்டரின்போது ஞானஸ்நானம் பெற்றார். தாய் எப்போதும் கேட்டுவந்ததை, அதாவது மகனின் மனமாற்றத்தைக் கொடுக்கவே அன்றைய மன்றாட்டைக் கடவுள் மறுத்தார் என்று அகஸ்டினே பின்னர் எழுதினார்.

மோனிக்கா கடவுளிடம் மட்டும் மன்றாடவில்லை. மகனிடம் பேசும்படி ஓர் ஆயரையும் விடாமல் கெஞ்சினார். நீங்களும் தம்பியைக் குடிநோய் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள், அதுவும் அவிசுவாசமல்ல. விருப்பமிருந்தால் அவர் பெயரை எனக்கு எழுதுங்கள். நானும் அவருக்காக ஜெபிக்கிறேன்.