ரசம் வழிந்த படம்

அன்புள்ள ஐயா,

கொரோனா காலத்தில் முதியவர்கள் பட்ட பாட்டைப் பற்றி எங்கள் வாசகர் வட்டம் ஒரு புகைப்படக் கண்காட்சி நடத்த எண்ணுகிறது. லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தின் ‘ஹோல்ட் ஸ்டில்’ தொகுப்பைப் பார்த்ததில் வந்த ஆசை. அந்த நாட்களின் படங்கள் எங்களுக்கு அதிகம் கிடைக்கவில்லை. எங்கள் தெருப் பெரியவர்களை ஜன்னலோரம் உட்காரவைத்து இப்போது எடுக்கலாமா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

வேண்டாம். கன்னத்தில் கை வைத்து வெளியே பார்க்கச் சொல்வீர்கள். அவர்களும் பாவம், உங்கள் மனம் நோகக் கூடாதே என்று பார்ப்பார்கள்.

‘ஹோல்ட் ஸ்டில்’ நல்ல முயற்சிதான். 2020இல் பொதுமக்களிடம் படம் கேட்டார்கள். ஆறே வாரத்தில் 31,598 வந்து குவிந்தன. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்தவை 100. கண்ணாடி வழியே கொள்ளுப்பாட்டிக்கு முத்தம் கொடுக்கும் குழந்தையின் படம் அதில் உண்டு. எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் இந்த மாதிரிப் படங்களில் கேமரா யார் கையில் இருக்கிறது? பெரும்பாலும் மகன், மகள், பேத்தி கையில்.

1990களில் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வேறு வழியில் போனார்கள். கிராமத்துப் பெண்கள் 62 பேரிடம் கேமராவையே கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெண்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எடுத்தார்கள். பிறகு கூடி உட்கார்ந்து அந்தப் படங்களை வைத்துப் பேசினார்கள். ‘போட்டோவாய்ஸ்’ என்று அதற்குப் பெயர். பேச்சுதான் அதில் பிரதானம். படம் ஒரு சாக்கு.

என் அத்தை எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஊரடங்கில் தனியாக இருந்தார். தினமும் அவர் வீட்டுக் கம்பிக் கதவுக்கு வெளியே ஒரு முக்காலியில் டிபன் கேரியரை வைத்துவிட்டு நகர்ந்து நிற்பேன். ஒருநாள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். பாதிப் படத்தைக் கதவுக் கம்பிகளே அடைத்திருந்தன, ஓரத்தில் அவர் விரல். நடுவில் கேரியர், முக்காலியெல்லாம் ரசம். மூடி இறுகவில்லை என்ற புகாருக்கு அத்தாட்சியாக எடுத்தது அது.

படத்தின் மேல் மூலையில் இரண்டு செருப்புக் கால்கள், குதிகால் எங்கள் பக்கம்... இல்லை, அவர் பக்கம். என் கால்கள். நகர்ந்து நிற்பதாகத்தான் நான் நினைத்திருந்தேன். படத்தில் நான் கிளம்பியே விட்டிருந்தேன்.

ஆகவே முதலில் பெரியவர்களின் போன்களைக் கேளுங்கள். நூறு காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே நான்கு படம் அகப்படும். போன் இல்லாதவர்களிடம் ஒன்றைக் கொடுத்து, அந்த நாட்களை நினைவுபடுத்தும் எதையாவது எடுக்கச் சொல்லுங்கள். பழைய மருந்துச் சீட்டோ, பூட்டிய கோயிலோ, அவர்கள் விருப்பம். என்ன படம் என்று அவர்களையே சொல்லவைத்து, அந்தச் சொற்களை அப்படியே அடியில் எழுதுங்கள். எதைச் சுவரில் மாட்டுவது என்ற தீர்ப்பும் அவர்களுடையதாக இருக்கட்டும். அழுகை குறைந்து புகார் அதிகமாகலாம், இருந்துவிட்டுப் போகட்டும்.

இதை எழுதுமுன் அத்தையிடம் அனுமதி கேட்டேன். “எழுதிக்கொள். அந்தக் கேரியருக்கு வேறு மூடி வாங்கினாயா?” என்றார்.